தலை கழன்ற கதை

உபாத்தியாயர் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பிறர் செய்யும் தவறுகளை நாம் சிவப்பு மையினால் சுழிக்கலாம். நம்முடைய தவறுகளைச் சுழிக்க ஒருவரும் வருவதில்லை. இருபது வருஷமாக இந்தச் சௌகரியத்தை அனுபவித்து வந்த எனக்குச் சென்ற பிப்ரவரி மாதத்தில் ஒரு பழைய ஜீப் வண்டி பூஜ்யம் மார்க்குப் போட்டது. அந்தக் கதையை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் வசிப்பது தாண்டிக்குடிப் பக்கத்து மலைக் கிராமம். வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவர வேண்டும். ஓர் எஸ்டேட்டில் நெடுங்காலம் உழைத்து இளைத்த டீஸல் ஜீப்பை நான் வாங்கி வந்தபோது, "இரண்டு கிழங்கள் சேர்ந்தால் எப்படி மலை ஏறும்?" என்று என் சம்சாரம் கேட்டாள். ஆனால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்த வண்டி, மழைக்காலத்துச் சேற்றில்கூட ஒரு நாளும் கைவிட்டதில்லை. அந்தத் தைரியத்தில், பஸ் எட்டிப் பார்க்காத குடியிருப்புகளைச் சேர்ந்த ஐந்து பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நானே அழைத்துப் போவதாகப் பெற்றோரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அரிசி மூட்டையும் நோட்டுப் புத்தகக் கட்டுகளுமாக மலை ஏறிக்கொண்டிருந்தேன். சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. "இன்னும் இரண்டு வளைவுதானே!" என்று அதை அலட்சியம் செய்தேன். இரண்டாவது வளைவில் வண்டியின் முன்புறமெல்லாம் ஒரே ஆவி!

மறுநாள் காலை, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து வண்டியைக் கிளப்பினேன். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. பின்னால் வெண்புகை. எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தால், கறுப்பாய் இருக்கவேண்டிய எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. ஹெட் காஸ்கட் போய்விட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

அது என்ன வஸ்து என்று சிலர் கேட்கலாம். ருடால்ஃப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1897-ஆம் வருஷம் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய என்ஜினில் தீப்பொறிக்கு வேலையே இல்லை. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறார்கள். அந்த நெருக்கடியிலேயே அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகிவிடுகிறது. அதில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. இவ்வளவும் நடக்கும் அறைக்கு மூடியாக இருப்பது என்ஜினின் 'ஹெட்', அதாவது தலை. தலைக்கும் உடலுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தகடு. நெருப்பு, தண்ணீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதுதான். கூட்டுக் குடும்பத்தில் எல்லோருக்கும் நடுவில் நின்று சமாளிக்கும் மூத்த மருமகளைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குப் பதினேழு நாள் இருந்தது. வண்டியைக் கட்டி இழுத்துப்போய்ப் பட்டறையில் விடுவதற்கான பணம் கையில் இல்லை. "பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவன், ஒரு தகடு மாற்றத் தெரியாதா?" என்று வீட்டு முற்றத்திலேயே வேலையை ஆரம்பித்தேன்.

பாட்டரி இணைப்பைக் கழற்றினேன். தண்ணீரையும் எண்ணெயையும் வடித்தேன். இஞ்செக்டர் குழாய்களின் வாயில் தூசி புகாமல் கட்டினேன். புஷ் ராடுகள் இடம் மாறக்கூடாது என்பதற்காக, ஓர் அட்டையில் துளைகள் போட்டு வரிசையாகச் செருகி வைத்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன். தலையின் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடு நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். பழைய தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்கு எமன். ஆகையால் ஒட்டியிருந்ததை ஈரப்படுத்தியே சுரண்டினேன். புதுத் தகட்டை வைத்து, பழையபடி மூடி, புது எண்ணெய் ஊற்றினேன். வண்டி கிளம்பியது. சம்சாரம்கூட ஒரு டம்ளர் காப்பி அதிகமாகக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மறுபடியும் குமிழி!

முற்றத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்த ஐந்து பிள்ளைகளில் ஒருவன் வாசலில் வந்து நின்றான். வகுப்பில் தினந்தோறும் தூங்கி வழிகிறவன். அதற்காக அவனை நான் பெஞ்சின்மேல் நிறுத்தாத வாரம் கிடையாது.

"ஸார், ஹெட்டை மட்டம் பார்த்தீங்களா?" என்றான்.

நான் விழித்தேன்.

"சூடேறினா ஹெட் வளைஞ்சிடும், ஸார். அப்புறம் எத்தனை காஸ்கட் போட்டாலும் நிக்காது. அது சரி, எதனால சூடாச்சுன்னு பார்த்தீங்களா?"

விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத மாணவர்களுக்கு நான் பாதி மார்க் கூடக் கொடுப்பதில்லை. நானோ வழியைப் பற்றி நினைக்கவே இல்லை!

மறுபடியும் தலையைக் கழற்றினோம். வளையாத எஃகுப் பட்டையை அதன்மேல் நிறுத்தி, இடைவெளியில் ஃபீலர் கேஜ் இதழ்களைச் செருகிப் பார்த்தான். 0.05 மில்லிமீட்டர் இதழே நுழையக்கூடாது என்கிறது வண்டியின் புத்தகம்; இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் 0.15 இதழ் தாராளமாய்ப் போய் வந்தது. ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். குழாய்களில் பாதி அடைபட்டுக் கிடந்தன. கூலண்டுக்குக் காசு மிச்சம் பிடித்து, வருஷக்கணக்காகக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றிவந்த புண்ணியவான் வேறு யாருமில்லை, அடியேன்தான். குற்றம் என்னுடையது, தண்டனை அனுபவித்தது காஸ்கட்.

"இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

அவனுடைய தகப்பனார் வாழைத்தார் வண்டி ஓட்டுகிறவர். வண்டி ரிப்பேரெல்லாம் தகப்பனும் பிள்ளையுமாகவே பார்த்துக்கொள்வார்கள். ராத்திரியில் பாரம் ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு, விடியுமுன் மலை ஏற வேண்டும். ஒரு தடவை வளைவில் அவர் கண் அயர்ந்துவிட்டாராம், மயிரிழையில் தப்பினார். அன்று முதல் வாரத்தில் மூன்று ராத்திரி பையன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறான். "அப்பா தூங்கிடக்கூடாதுன்னு, ஸார்" என்றான், கையைத் துடைத்துக்கொண்டே.

எனக்குத் தொண்டை அடைத்தது. சூட்டு முள்ளைப் பார்த்தும் அலட்சியம் செய்தது ஒரு நாள்தான். இந்தப் பையனுடைய கண்களை ஒரு வருஷமாக அலட்சியம் செய்திருக்கிறேன்.

திண்டுக்கல் லேத்துப் பட்டறையில் தலையைப் புத்தகம் அனுமதித்த அளவுக்குள் இழைத்து மட்டமாக்கினார்கள். ரேடியேட்டரையும் சுத்தம் செய்தோம். போல்ட்டுத் துளைகளில் ஒரு சொட்டுத் தண்ணீரும் எண்ணெயும் தங்காதபடி துடைத்தான் பையன். தங்கினால் முறுக்கும்போது இரும்பே பிளந்துவிடுமாம். பிறகு அவன் புத்தகம் பார்த்து வரிசை சொல்ல, நான் டார்க் ரெஞ்சினால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி மூன்று தவணையாக முறுக்கினேன். "ஒரே இழுப்பில இறுக்கக்கூடாது, ஸார்" என்று இரண்டு தடவை எச்சரித்தான். வால்வு இடைவெளி வைத்து, எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினோம். வண்டி கிளம்பிற்று. அரைமணி நேரம் ரேடியேட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

தேர்வுக்கு ஐந்து பிள்ளைகளும் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். போகும் வழியெல்லாம் அவன் பின்சீட்டில் தூங்கினான். பள்ளங்களில் வண்டியை மெதுவாக விட்டேன்.

தேர்வு முடியும்வரையில் அவனுடைய தகப்பனாருக்குப் பேச்சுத் துணையாக நானே போவதாகச் சொல்லி, இரண்டு ராத்திரி போனேன். மூன்றாம் நாள் அவர் மிகுந்த மரியாதையுடன் என்னிடம் வந்தார்.

"வாத்தியாரையா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க பேச ஆரம்பிச்சாத்தான் எனக்குத் தூக்கம் தூக்கமா வருது" என்றார்.

இப்போது நான் பேசுவதில்லை. அவரைப் பேசச் சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டு வருகிறேன்.