கண்ணாடிக்காரனும் கேமராவும்

"சோடாபுட்டிக்கு எதுக்குடா கேமரா?" என்று விடுதியில் கேட்காத ஆளில்லை. நண்பர்களே, குறை கண்ணில் இல்லை; தூரத்தில்! வியூஃபைண்டரில் முழுக் காட்சியும் தெரிய, கண் அதை ஒட்டி இருக்கணும். மூக்குக்கண்ணாடி குறுக்கே வந்தால் கண் விலகும், ஓரங்கள் மறையும். குரூப் போட்டோவில் கடைசியில் நிற்பவன் படத்தில் இருக்கானா என்றே தெரியாது.

இதற்காகவே நிக்கான் 1982-இல் எஃப்3 ஹெச்பி கேமராவைக் கொண்டுவந்தது. கண் 25 மி.மீ. தள்ளி இருந்தாலும் முழுசாகத் தெரியும். இன்று பல கேமராக்களில் டயாப்டர் திருகு உண்டு. கிட்டப்பார்வை, தூரப்பார்வையை அது ஓரளவு ஈடுகட்டும். என்னைப்போல் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு உதவாது. கண்ணாடியைக் கழற்ற முடியாது.

எனவே கண்ணாடிக்காரர்களே, மெகாபிக்ஸலுக்கு முன்னால் 'ஐ பாயிண்ட்' எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். நாலு மூலையும் தெரியுதான்னு கண்ணாடியோடு கடையிலேயே பார்த்துடுங்க. ஓரத்தில் நிற்பவனும் நம்ம நண்பன்தானே!