அம்பாசிடரும் பத்மினியும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

லாரிக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில் கார் மெக்கானிக்காக இருப்பது, மீன் சந்தையில் கத்தரிக்காய் விற்பதைப் போன்றது. என் தந்தையார் முப்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்து வருகிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கல்லூரியில் சேர்ந்தபோது, படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் ஏன் அப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் பட்டறையில் இரண்டு பழைய கார்கள் நின்றன. ஒன்று அம்பாசிடர், மற்றொன்று பிரிமியர் பத்மினி. முன்னது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வம்சம். 2014-இல் உத்தர்பாரா ஆலையில் அதன் தயாரிப்பு நின்றது. பின்னது இத்தாலியின் பியட் 1100 வம்சம். பம்பாய் குர்லாவில் வளர்ந்தது. இரண்டிலும் எஞ்சின் முன்னால், உந்துவது பின் சக்கரம், கியர் கம்பி ஸ்டியரிங்கோடு. அம்பாசிடர் எஞ்சின் 1489 சி.சி., பத்மினியுடையது 1089 சி.சி. அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால் ஆள் இறங்கி நிற்கலாம் போல இடம் இருக்கும். ஆகவே தந்தையாரின் ஓட்டு அதற்கே. எனக்கோ பத்மினிதான் பிடித்தது. எடை ஏறத்தாழ 900 கிலோ. கைக்கு அடங்கிய கார்.

அன்று மழை. பட்டறையிலிருந்து சாலைக்கு ஏறும் செம்மண் சரிவில் பத்மினி ஏறவில்லை. பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. நான் பின்னாலிருந்து தள்ளினேன். சட்டை முழுவதும் சேறு.

“தள்ளாதடா. நீயும் அவனும் டிக்கி மேல ஏறி உக்காருங்க” என்றார் அப்பா.

நானும் பட்டறைப் பையனும் ஏறி உட்கார்ந்தோம். கார் சாதுவாக ஏறிச் சாலையில் நின்றது.

டிக்கிமேல் உட்கார்ந்தபடியே எனக்கு முதலாண்டு வகுப்பு நினைவுக்கு வந்தது. உராய்வு விசை, அழுத்தும் விசையைப் பொறுத்தது. எஞ்சின் பாரம் முன்னால் இருக்கிறது, உந்தும் சக்கரத்தின் மேல் பாரம் குறைவு, அதனால் வழுக்கல். தேர்வில் இதற்குப் பத்து மதிப்பெண் வாங்கியவன்தான் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்கப்பா, அம்பாசிடரா இருந்தா ஏறியிருக்குமா?”

“காலியா இருந்தா அதுவும் சுத்தும். ஆனா அம்பாசிடர் என்னைக்குடா காலியாப் போச்சு?”

உண்மைதான். கல்யாண வீட்டார் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அம்பாசிடரில் ஏறியவர் அவர். ஏற்றத்தில் பாரம் பின்னே சாயும், சக்கரம் மண்ணைக் கவ்வும் என்றார். இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுப்பவை. ஆள் இல்லாமலேயே அவற்றின் சக்கரத்துக்கு எஞ்சின் பாரம் கிடைத்துவிடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் அந்தப் பாரமே பின்னால் நழுவிவிடும். இதையும் அவர்தான் சொன்னார், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே.

இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்திலும் அதே கேள்வி இருந்தது. ‘கார் மெக்கானிக்’ என்று எழுதி, கையெழுத்துக்காகப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் எதையும் படிக்கவில்லை. “எங்க போடணும்?” என்று மட்டும் கேட்டார். கையைத் துடைத்திருந்தும் ஓரத்தில் கட்டைவிரல் கிரீஸ் பட்டுவிட்டது. அலுவலகத்தில் வேறு படிவம் கேட்பார்களோ என்று பயந்தேன். கேட்கவில்லை.