ஒரு சிம்மாசனம், இரண்டு சிறுவர்கள்

1916-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்பா புதுக்கோட்டை மகாராஜா, அம்மா மெல்போர்ன் பெண். பிறந்த ஊரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள்.

ஆறு வருடம் கழித்து, 1922 ஜூன் மாதம், அதே தொண்டைமான் வம்சத்தின் இன்னொரு கிளையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ராஜகோபாலன்.

1928-ல் மகாராஜா இறந்தார். அப்போது சிட்னிக்குப் பன்னிரண்டு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ராஜகோபாலனுக்கோ ஆறு வயதுகூட நிறையவில்லை. மகாராஜா பெற்ற பிள்ளை சிட்னிதான். ஆனால் சிம்மாசனத்தில் ஏறியது ராஜகோபாலன்!

ஏன் அப்படி? அப்படிக் கிடைத்த ராஜ்யத்தை அந்தச் சிறுவன் பிற்காலத்தில் என்ன செய்தார்? இந்தக் கதை புதுக்கோட்டையில் பலருக்குப் பாதி தெரியும். மீதிப் பாதி தெரியாது.

தொண்டைமான்கள் யார்?

கள்ளர் மரபைச் சேர்ந்தவர்கள் தொண்டைமான்கள். ராமநாதபுரம் கிழவன் சேதுபதி இந்தக் குடும்பத்துப் பெண் காதலி நாச்சியாரை மணந்தார். அவருடைய அண்ணன் ரகுநாதராயத் தொண்டைமான் 1686 முதல் புதுக்கோட்டையை ஆண்டார். அன்றிலிருந்து 1948 வரை ஒரே குடும்பத்தின் ஆட்சி. கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயர் பக்கம் நின்றதால் சமஸ்தானம் தப்பிப் பிழைத்தது. 1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டதும் இந்தச் சீமையில்தான். அந்தப் பழி இன்றுவரை மேடைப் பேச்சுகளில் இந்தக் குடும்பத்தைத் துரத்துகிறது.

சமஸ்தானம் அப்படி ஒன்றும் பெரியது அல்ல. 1,179 சதுர மைல், அவ்வளவுதான். ஆனால் 17 குண்டு மரியாதை உண்டு. சொந்த நாணயமும் உண்டு! அம்மன் காசு என்ற குட்டிச் செப்புக்காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. அரசர்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள். நாடு அம்மனுடையது, அரசன் அவளுடைய வேலைக்காரன் என்று அர்த்தம்.

வழக்கத்தை மீறிய மகாராஜா

சிட்னியின் அப்பா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1875-ல் பிறந்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரே நேர் வாரிசு அல்ல. முந்தைய அரசர் ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன். ஆண் வாரிசு இல்லாததால் தாத்தா பேரனையே தத்து எடுத்துக்கொண்டார். ஆங்கிலேய அரசும் சரி என்றது. 1886-ல் தாத்தா இறந்தபோது பேரனுக்கு 10 வயது. திவான் சேஷையா சாஸ்திரி ஆட்சியைக் கவனித்துக்கொள்ள, ஓர் ஆங்கிலேய ஆசிரியரிடம் பையன் படித்தார். 1894-ல் முழு அதிகாரம் கைக்கு வந்தது.

ஐரோப்பியப் பழக்கவழக்கங்கள், பயணம், விளையாட்டு, குதிரைப் பந்தயம் என்று வளர்ந்தவர். ஆனால் வெறும் உல்லாசப் பேர்வழி என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. 1902-ல் மக்கள் பிரதிநிதிகள் சபையைத் தொடங்கினார். இன்று திருக்கோகர்ணத்தில் இருக்கும் அருங்காட்சியகம் 1910-ல் அவர் காலத்தில் ஆரம்பித்ததுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டையில் ஒரு பெண் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டு மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் கல்லூரி. ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். தாயார் தேவதாசி குலம் என்பதும் ஒரு குறையாகப் பேசப்பட்டது. மகாராஜா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெண்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி! 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் சென்னை சட்டசபையில் நுழைந்து, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர்.

ஊர் வழக்கத்தை ஒரு மாணவிக்காக மீறிய அதே மனிதர், தன் சொந்த வாழ்க்கையிலும் மீறினார். அதற்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மோலி

1915-ல் ஆஸ்திரேலியா போன இடத்தில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். மெல்போர்ன் வழக்கறிஞர் ஒருவரின் மகள். அவளுக்கு வயது இருபது, இவருக்கு முப்பத்தொன்பது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம் நடந்தது. ஆசியர்களைக் குடியேற விடக்கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் போட்டிருந்த காலம் அது. ஓர் இந்தியர் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின.

ஆங்கிலேய அரசுக்கு இது வெறும் பத்திரிகைச் செய்தி இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்திய அரசனுக்கு ராணியாவதா? அவள் பிள்ளை நாளைக்கு அரியணை ஏறுவதா? திருமணத்தை அங்கீகரிக்க மாட்டோம், ராணிக்குரிய மரியாதை கிடையாது, பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது என்பதே அரசின் நிலை. அரண்மனைக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. அதே ஆண்டு புதுமணத் தம்பதிகள் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். சில மாதங்கள்கூட நிம்மதியாக இருக்க முடியவில்லை. மோலிக்கு விஷம் வைக்க முயற்சி நடந்ததாகவும் பேச்சு எழுந்தது. கர்ப்பிணி மனைவியோடு மகாராஜா 1916-ல் மறுபடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். சிட்னி பிறந்தான்.

அதற்குப் பிறகு அவர் புதுக்கோட்டையில் வாழவே இல்லை. 1922 முதல் அவருடைய சகோதரர் விஜய ரகுநாத பல்லவராயர் ரீஜெண்டாக நாட்டைப் பார்த்துக்கொண்டார். மகாராஜா பட்டத்தை வைத்துக்கொண்டு, பணத்தைப் பெற்றுக்கொண்டு, பிரான்சில் கான் நகரத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார். 1928 மே 28 அன்று பாரிஸில் இறந்தார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் நடந்தது.

நம் ஊர் வழக்கத்தில் கொள்ளி போடுபவன்தான் வாரிசு. ஓர் அரசனின் சிதைக்கு அவன் மண்ணில் இடமில்லாமல் போனதை இந்த வழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் வலி புரியும்.

இதே போன்ற கதை எட்டு வருடம் கழித்து இங்கிலாந்திலேயே நடந்தது. 1936-ல் எட்டாம் எட்வர்ட், வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக முடியைத் துறந்தார். அவரும் கடைசியில் பிரான்சில்தான் வாழ்ந்தார். உலகமே அதைக் காதல் காவியமாகப் பேசியது. புதுக்கோட்டை மகாராஜாவின் கதை உலகத்தின் நினைவில் அந்த அளவுக்கு நிற்கவில்லை. மோலி, கணவருக்குப் பிறகு 39 வருடம் வாழ்ந்து 1967-ல் கான் நகரத்தில் காலமானார்.

ஆறு வயது அரசன்

தாத்தா தத்தெடுத்த மகள் வயிற்றுப் பேரனை ஏற்றுக்கொண்ட அதே அரசு, அந்தப் பேரன் பெற்ற சொந்தப் பிள்ளையை மறுத்தது. பிறகு வேறு கிளையிலிருந்து ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்தது. ரத்தம், வம்சம், சாஸ்திரம் என்று ஆயிரம் பேசினாலும், அதிகாரத்தில் இருப்பவன் யாரை ஒப்புக்கொள்கிறானோ அவனே வாரிசு. இந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையே அதற்குப் போதுமான சாட்சி.

1928 நவம்பரில் ராஜகோபாலத் தொண்டைமான் பட்டம் ஏறினார். ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? நிர்வாகத்தைப் பெரியவர்கள் பார்த்தார்கள். அதில் நீண்ட காலம் இருந்தவர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம். 1934 முதல் 1946 வரை அவர்தான் நிர்வாகி. 1944-ல் அரசர் முழு அதிகாரம் பெற்றார்.

அந்த அதிகாரம் எத்தனை நாள்? நான்கு வருடம்! 1947-ல் நாடு சுதந்திரம் அடைந்தது. 1948 மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் அரசர், இருபத்தைந்து வயதில் அரசர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் வந்தது. மன்னர் மானியமும் போயிற்று, பட்டமும் போயிற்று.

பட்டம் போன பிறகுதான் அவருடைய பெருமை ஆரம்பிக்கிறது.

1974 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், புதுக்கோட்டை தனி மாவட்டமானது. மாவட்டம் என்றால் கலெக்டர் ஆபீஸ் வேண்டும். ராஜகோபாலத் தொண்டைமானின் அரண்மனையும் அதைச் சுற்றிய நிலமும் அதற்குக் கிடைத்தன. ஏறத்தாழ நூறு ஏக்கர் என்று ஊரில் பெருமையோடு சொல்வார்கள். இன்றும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான். ஒரு காலத்தில் அரசரைப் பார்க்க அனுமதி கேட்டு நின்ற வாசலில், இப்போது பட்டா மாறுதலுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனு எழுதிக்கொண்டு திங்கட்கிழமை தோறும் ஜனங்கள் வருகிறார்கள். வளாகத்தில் அவருக்குச் சிலையும் இருக்கிறது.

கடைசி வரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1997 ஜனவரியில், 74-ஆவது வயதில் காலமானார். அரசராக முழு அதிகாரத்தோடு இருந்தது நான்கு வருடம். அதற்குப் பிறகு வாழ்ந்தது 49 வருடம்.

ஸ்காட்லாந்தில் ஒருவர்

இவருக்குச் சரியான ஜோடி ஒருவர் ஸ்காட்லாந்தில் இருந்தார். பத்தாவது அத்தோல் டியூக், இயன் மர்ரே. அவருக்கும் பட்டம் அப்பாவிடமிருந்து வரவில்லை, தூரத்து உறவு வழியாகத்தான் வந்தது. அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராஜகோபாலத் தொண்டைமானுக்கு ஒரு வருடம் முன்னால், 1996 பிப்ரவரியில் இறந்தார். இறப்பதற்குச் சற்று முன்பு தன் பிளேர் கோட்டையையும் எஸ்டேட்டின் பெரும்பகுதியையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டார். பட்டம் மட்டும் தென்னாப்பிரிக்காவில் நில அளவையாளராக இருந்த ஓர் உறவினருக்குப் போனது. கோட்டை இல்லாத டியூக்!

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இருவருக்கும் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான். பிள்ளை இல்லை, காலமும் மாறிவிட்டது, இவ்வளவு பெரிய வீட்டை என்ன செய்வது? இருவரின் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வித்தியாசம் உண்டு. பிளேர் கோட்டைக்குள் போக டிக்கெட் எடுக்க வேண்டும். புதுக்கோட்டை அரண்மனைக்குள் போக ஒரு மனு போதும்.

மிச்சம் என்ன?

குடும்பம் பொதுவாழ்க்கையை விட்டுவிடவில்லை. அரச குடும்பத்து மருமகள் சாருபாலா தொண்டைமான் 2001-ல் திருச்சி மாநகராட்சி மேயரானார். கார்த்திக் தொண்டைமான் 2012 இடைத்தேர்தலில் புதுக்கோட்டை எம்.எல்.ஏ. ஆனார். பிறகு 2016 தேர்தலில் அந்தத் தொகுதி எதிர்க்கட்சிக்குப் போனது. அரச குடும்பத்தின் பெயர் இருந்தாலும் ஓட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும், ஜனங்கள் வேண்டாம் என்றால் போகவும் வேண்டும். 1928-ல் வாரிசைத் தீர்மானித்த இடம் எங்கேயோ இருந்தது. இன்று அது வாக்குச்சாவடியில் இருக்கிறது.

சிட்னி தொண்டைமான் புதுக்கோட்டையை ஆளவில்லை. அவர் பெயரில் இங்கே எதுவும் இல்லை. அது அவர் குற்றமும் இல்லை. அப்பா நேசித்த பெண்ணுக்குப் பிறந்தது ஒன்றுதான் அவர் செய்தது. மோலிக்காக நாட்டை விட்டுப் போன மார்த்தாண்ட பைரவரை 'ஊரை மறந்தவர்' என்று இன்றும் சிலர் திட்டலாம். திட்டுகிறவர்கள் முத்துலட்சுமி ரெட்டியையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும். ஊரார் பேச்சுக்குப் பயப்படாத அந்தக் குணம் இல்லாவிட்டால் அந்த மாணவிக்கும் கல்லூரிக் கதவு அன்று திறந்திருக்காது.

ஒருவர் குடும்பத்துக்காக ஊரை விட்டார். இன்னொருவர் தனக்கென்று குடும்பம் இல்லாமல், இருந்த வீட்டை ஊருக்கு விட்டார். புதுக்கோட்டைக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள்தான்.