அக்கரப்பத்தனை போகும் அன்பர்களுக்கு

பிரயாணம் போகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. போகும் இடத்துக்குத் தம் வீட்டையே கட்டிச் சுமந்து செல்பவர்கள் ஒரு வகை. கை வீசிச் சென்று அங்கே கிடைப்பதைக் கொண்டு திருப்தியடைபவர்கள் மற்றொரு வகை. ஆண்டுக்கு நாலைந்து தடவை மலைநாட்டுக்குப் போய் வரும் பழக்கத்தில், இரண்டுக்கும் நடுவான ஒரு முறையே நல்லதென்று நான் தேர்ந்துகொண்டேன். மலைக்குப் போகிறவர் எடுத்துச் செல்ல வேண்டியவையும் உண்டு, வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டியவையும் உண்டு. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும், சுற்றுலாப் புறப்படும் மாணவர்களுக்கும் பயன்படலாமென்று கருதி, அவற்றை இங்கே எழுதுகிறேன்.

நுவரெலியாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மலைநாட்டை அறிய விரும்புகிறவர் தலவாக்கலையில் இறங்கி, லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குப் போவது நல்லது. ‘பத்தன’ என்பது மலைப் புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல். புல்வெளிகள் பெரும்பாலும் மறைந்து, நாலாயிரம், ஐயாயிரம் அடி உயரத்தில் இன்று கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலையே விரிந்து கிடக்கிறது.

எப்போது போவது?

தை முதல் பங்குனி வரை உள்ள காலமே உகந்தது. பகலில் வெயில் தெளிவாக இருக்கும். இரவில் குளிர் எலும்பைத் தொடும். சில ஆண்டுகளில் விடியற்காலையில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதும் உண்டு. டிம்புளைப் பகுதியின் தேயிலைக்கு மணமும் சுவையும் மிகுவது இந்த வறண்ட குளிர்காலத்திலேதான். மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடைபெறும். அந்த இரவுகளில் தப்பொலி மலைக்கு மலை எதிரொலிப்பதைக் கேட்டவர் மறக்கமாட்டார். வைகாசி முடிவில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நாட்கணக்கில் மலையே கண்ணுக்குத் தெரியாது. சித்திரையில் நுவரெலியாவுக்குப் போகும் கூட்டத்தினால் பாதைகள் நெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் போக நேர்ந்தால், பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகே புறப்பட வேண்டும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயின. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. மலையில் மழை என்பது வேடிக்கையன்று.

வழியும் காட்சியும்

புகையிரதம் ஓடுமானால் அதிலே போவதே இன்பம். 1884இல் அட்டன் வரைக்கும், மறு ஆண்டில் நானுஓயா வரைக்கும் வந்த பாதை இது. அட்டனைக் கடந்ததும் சிங்கமலைச் சுரங்கம் வரும். பிள்ளைகள் கூவுவதற்கென்றே அமைந்த இருட்டு அது. பின்னர் கொட்டகலை, அதனை அடுத்துத் தலவாக்கலை. இடையிலே சென் கிளேயர் அருவியைக் காணலாம். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கியபின், ஆற்று நீர் சுரங்க வழியாக மின்நிலையத்துக்குப் போகிறது. அருவிக்கு அளந்து விடும் நீரே கிடைக்கிறது. பழைய புகைப்படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாறக்கூடாதென்பதற்காகச் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து பஸ் வளைந்து வளைந்து மெல்லப் போகும். மலையில் பஸ் எண்ணிக்கை குறைவு. மாலையானதும் அதுவும் அருகிவிடும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும்படி புறப்படுவது, தவறாத முதல் விதி.

இரண்டாவது விதி தூரத்தைப் பற்றியது. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று ஒருமுறை ஒரு பெரியவரைக் கேட்டேன். “அந்தா தெரியுதுங்களே, அந்த மலையச் சுத்தினா வந்திரும்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். சுற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் சென்றது. மலையிலே தூரத்தைக் கேட்காமல் நேரத்தைக் கேட்கவேண்டும். அவர்கள் சொல்லும் நேரத்தையும் நம் கால்களுக்காக இரட்டித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விலாசம். பெல்மோரல், சென்றிங்காம், வேவர்லி, கிளாஸ்கோ, அல்பியன் என்று இங்குள்ள தோட்டங்களுக்குப் பெயர். தம் நாட்டு அரண்மனைகளையும் நகரங்களையும் கதைப்புத்தகங்களையும் நினைந்து வெள்ளைக்காரத் துரைமார் இட்ட பெயர்கள் இவை. ஆனால் தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைத் தேடுவது, ஊரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைத் தேடுவது போலாகும். எந்தப் பிரிவு, மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, எத்தனையாம் லயம் என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனி வீட்டிலக்கம் இல்லாத குடும்பங்கள் தோட்டங்களில் ஏராளம். அவர்களுடைய கடிதங்கள் தோட்டத்து முகவரிக்கே வந்து, கைமாறிக் கைமாறித்தான் வீடு சேர்கின்றன. தன் வீட்டு இலக்கத்தைச் சாதாரணமாக நினைப்பவருக்கு இது ஒரு பாடமல்லவா?

எடுத்துச் செல்பவை

ஒரு கம்பளிச் சட்டை, ஒரு குடை, வழுக்காத சப்பாத்து, இரண்டு சோடி காலுறை, சில்லறைக் காசு, ஒரு சிறு பொட்டலம் உப்பு: இவை போதும். உப்பு அட்டைக்காக. ஈரமான புல்லிலும் ஆற்றோரத்திலும் அட்டை காலில் ஏறும். அதனைப் பிய்த்தெறியாமல் சிறிது உப்பை வைத்தால் தானே விழுந்துவிடும். சவர்க்காரத்தைக் காலில் தடவிக்கொள்வதும் உண்டு. பெரிய பெட்டி வேண்டாம். குறுக்குப் பாதையில் ஏறும்போது அதைச் சுமப்பவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

கட்டுச்சோறும் அதிகம் வேண்டியதில்லை. பசுமலை, மன்ராசி போன்ற சிறு நகரங்களின் கடைகளில் ரொட்டியும் சம்பலும் சூடான தேநீரும் கிடைக்கும். தின்ற பொருளின் உறையை மட்டும் பையிலிட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இங்கே ஓடும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவாகி மகாவலியோடு கலந்து, திருகோணமலைக் கடலைச் சேர்கிறது. மலையில் எறிந்த குப்பை கீழே வயலுக்கும் குடத்துக்கும் போகும் வழியை அது தானே காட்டும்.

விட்டுச் செல்பவை

முதலில் விட்டுச் செல்லவேண்டியது அவசரம். கொழுந்தெடுக்கும் பெண்களைக் கண்டதும் புகைப்படத்துக்காக வரிசையில் நிறுத்தும் வழக்கம் நம்மவரிடம் பரவியிருக்கிறது. இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடை தொங்க, செங்குத்தான சரிவிலே நிற்கிறார் ஓர் அம்மா. அவருடைய நாட்கூலி கொழுந்தின் நிறையோடு கட்டுப்பட்டது. நீங்கள் அவரை நிறுத்தும் ஐந்து நிமிடம், மடுவத்தில் தராசு ஏறும்போது அவர் கணக்கில் குறையும். ஆகவே முதலில் வணக்கம் சொல்லுங்கள், அனுமதி கேளுங்கள், மறுத்தால் சிரித்துக்கொண்டே நடந்துவிடுங்கள். லயத்து வாசலும் ஒரு வீட்டின் வாசலே. அழைக்காமல் எட்டிப் பார்க்கலாகாது. அழைத்தால் மறுக்கவும் கூடாது. வெறுந்தேநீரும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வரும். உயர்ந்த தேயிலை கப்பலேறிப் போக, பறித்தவர் வீட்டில் தூள்தான் கொதிக்கிறது என்பதை அந்தக் கோப்பையில் அறியலாம்.

அடுத்து, ஒரு சொல்லை விட்டுச் செல்லுங்கள். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைத்தான் குறிப்பிடுகிறேன். வேறு மொழிக்காரர் அன்று, தமிழ் பேசும் நாமே இதனைப் புழக்கத்தில் விட்டோம். பஸ்ஸிலே ஒருமுறை, நகரத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் தம் மகனை அதட்டுவதற்கு இச்சொல்லை எடுத்தார். முன் ஆசனத்தில் சீருடையோடு இருந்த ஒரு மாணவி திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அவர் முகம் தானே கவிழ்ந்தது. மலையகத் தமிழர் என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். அண்ணே, அக்கா, ஐயா, அம்மா என்ற முறைச்சொற்கள் இருக்கும்போது வேறொன்று எதற்கு?

பிரயாணத்தைப் பற்றி அந்த மக்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. கோப்பிக் காலத்தில் அவர்களுடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அந்த வரவின் இருநூறாம் ஆண்டை நினைந்து, 2023 யூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை அதே தலைமன்னார்–மாத்தளை வழியில் ஒரு நடைபவனி சென்றது. திரும்பிய பயணமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்துக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். அங்கிருந்து இராமேசுவரம் போன கப்பல் 1984இல் நின்றது. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டிலேதான் சட்டம் வழி செய்தது.

நாம் பலகாரப் பொட்டலத்தோடு இறங்கும் அதே மேடைகளில் அவர்கள் பாத்திரம் பண்டங்களோடு நின்று அழுதார்கள். இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே அழைத்துச் செல்லுங்கள். மலை அழகு குறையாது. அந்த அழகை உண்டாக்கிய கைகள் யாருடையவை என்பதும் உடன் தெரியும்.

சுருங்கச் சொன்னால், மூட்டை சிறிதாகவும் நேரம் பெரிதாகவும் இருக்கட்டும். வழியை வாய்விட்டுக் கேளுங்கள்; சொன்னவருடைய பேரையும் ஊரையும் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது, அங்கே உங்களை விசாரிக்கவும் ஒருவர் இருப்பார்.