மேசைமேல் ஒரு கொள்ளிடம்

கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து சிதம்பரம் போகும் ரயில் பாதையில் மலை இல்லை, சுரங்கமும் இல்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்கள் கடலுக்கு அணுக்கமாகவே வரிசையாக வருகின்றன. கடலூரை ஒட்டிய கேப்பர் மலைகூடப் பெயரளவில்தான் மலை. பார்த்தால் செம்மண் மேடு. மாதிரி ரயில் அமைப்பதைப் பற்றிய மேல்நாட்டுப் புத்தகங்கள் மலை எழுப்புவதையும் சுரங்கம் குடைவதையும் விரித்துச் சொல்லும். இந்தப் பாதையை மாதிரியாக அமைக்க அந்தப் பாடம் உதவாது. இங்கே நிலக்காட்சி தண்டவாளத்துக்கு மேலே எழுவதில்லை, கீழே இறங்குகிறது. மண்கரை, கரையோரப் பள்ளம், வாய்க்கால், ஆறு எல்லாமே ரயிலின் காலுக்குக் கீழே இருப்பவை. ஆகவே தட்டையான ஒட்டுப்பலகையின் மேல் தண்டவாளத்தை ஆணியடித்துத் தொடங்கினால் ஆற்றுக்கு இடமே இருக்காது. சட்டங்களால் கூடு கட்டி, அதில் பாதைக்கு மட்டும் நாலு விரல் அகலத்தில் பலகைப் பட்டை ஓட்டி, தரையை அதற்குக் கீழே வைத்துக்கொள்வதே முறை.

எந்தக் காலத்தைக் காட்டுவது என்பதை அளவைத் தேர்வதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். 1870களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே இந்தப் பாதையை மீட்டர் கேஜில் போட்டது. 2006 இறுதியில் அந்த ரயில்கள் நின்றன. 2010-இல் அகலப் பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. உலகில் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. அளவு 87-இல் ஒரு பங்கு. நம் அகலப் பாதையின் 1676 மி.மீ. அந்த அளவில் 19.3 மி.மீ. ஆகும். ஆனால் கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. தான். மீட்டர் கேஜோ 11.5 மி.மீ. வருகிறது, அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் விற்பனையில் உண்டு. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒய்.பி. நீராவி இன்ஜினும் ஒய்.டி.எம்.-4 டீசலும் ஓடிய பழைய பாதையை அமைப்பதுதான் அளவுக்கும் நேர்மையானது, ஊரின் நினைவுக்கும் நெருக்கமானது.

தூரத்தை முழுதாகக் காட்டுவது நடவாத காரியம். 40 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் 460 மீட்டர். அதற்கு ஒரு தெருவே வேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. நிலையங்களில் ஒன்று போதும். ஆறுகளை மட்டும் சுருக்கலாமே தவிர, விட்டுவிட முடியாது. கடலூரில் கெடிலம், பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே வெள்ளாறு, சிதம்பரம் தாண்டி வல்லம்படுகைக்கு அப்பால் கொள்ளிடம் என்று கடலில் விழப்போகும் ஆறுகளைக் குறுக்கே கடப்பதே இந்தப் பாதையின் இயல்பு.

கரையைச் சரியாகப் போட்டால் பாதி ஊர் வந்துவிடும். மண்கரையின் சரிவு ஒன்று இறங்க இரண்டு விலகும். மூன்று மீட்டர் உயரக் கரை மாதிரியில் மூன்றரை சென்டிமீட்டர்; அதன் அடி ஏழு சென்டிமீட்டர் தள்ளி விழ வேண்டும். இடம் போதவில்லை என்று சரிவைச் செங்குத்தாக்கினால் அது மலைநாட்டுப் பாதையாகிவிடும். கரைக்கான மண்ணை அந்தக் காலத்தில் பக்கத்திலேயே வெட்டினார்கள். அப்படி வெட்டிய பள்ளங்கள் பாதையோரம் நீளநீளமான குட்டைகளாகி, அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும். ரயில் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இந்தக் குட்டைகளை மறந்திருக்க மாட்டார். மாதிரியிலோ பெரும்பாலும் விட்டுப்போவது இவைதான்.

பாலத்தை நம் ஊரில் கண் கணக்கில், அதாவது தூணுக்குத் தூண் உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கையில், சொல்வது வழக்கம். மாதிரியிலும் அந்தக் கணக்கே உதவும். 18.3 மீட்டர் என்பது இந்திய ரயில்வேயின் வழக்கமான கர்டர் நீளங்களில் ஒன்று. மாதிரியில் அது 21 செ.மீ. ஏழு கண் வைத்தால் பாலம் ஒன்றரை மீட்டரை நெருங்கும். இதே இடத்தில் 61 மீட்டர் இரும்புச் சட்டப் பாலம் வைத்தால் இரண்டு கண்ணோடு முடிந்துவிடும். அகன்ற மணலாற்றின் மேல் தாழ்வாக, தூண் மாற்றித் தூணாக ஓடும் பாலம் என்ற உணர்வு பல கண்களால்தான் வரும். சின்னக் கர்டர், நிறையத் தூண் என்பதே இங்கே சரி.

நிஜப் பாலத்தில் தூண் இரண்டு வேலை செய்கிறது: வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது, வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கிறது. மணலாற்றில் பாறை தட்டாது. ஆகவே உறைகிணறு போல வட்டச் சுவர் கட்டி, உள்ளே மணலை அள்ள அள்ள அது தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். போதிய ஆழம் போனதும் நிரப்பி மூடி, அதன் மேல் தூண் எழுப்புவார்கள். அடிமணலை வெள்ளம் அரித்தால் என்ன ஆகும் என்பதைத் திருச்சியில் பார்த்தோம்: 1928-இல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. மாதிரித் தூணுக்கு இந்த இரண்டு வேலையும் இல்லை. சில நூறு கிராம் இன்ஜினை அட்டைகூடத் தாங்கும். அதன் கடினமான வேலை ஒன்றே: மட்டம் காப்பது. இரண்டு கர்டர் சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலும் பெட்டி தடம் புரளும்.

அதனால் வேலையின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் ஆறே இல்லை என்பது போலப் பலகைப் பட்டையை முழுதாக ஓட்டி, தண்டவாளம் போட்டு, வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பட்டையை அறுத்தெடுத்துக் கரைச்சுவர்களையும் கர்டர்களையும் வைத்து, தூண்களைக் கீழிருந்து செலுத்த வேண்டும். தூணை அரை மில்லிமீட்டர் குட்டையாக வெட்டி, மீதியை விசிட்டிங் கார்டு துண்டுகளால் அண்டை கொடுத்தால் மட்டம் பிசகாது. தூணின் அடி ஆற்றுத் தரைக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். ஆற்று மணலை அதைச் சுற்றிக் கடைசியில் நிரப்ப வேண்டும். தரைமேல் நிறுத்தி ஒட்டிய தூணின் அடியில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் பாலம் பொம்மையாகிவிடும்.

தூண் ஒன்றை நன்றாகச் செய்தால் போதும். சிலிக்கோன் அச்செடுத்து மற்றவற்றைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துக்கொள்ளலாம். செங்கல் வரிசை மாதிரியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஈரம் காயும் முன் ஊசியால் கீறிவிட வேண்டும். நீரைக் கிழிக்கும் வட்ட முகப்பு மேற்கே, ஆறு வரும் திசையில் இருக்கட்டும். வண்ணத்தில்தான் தூணுக்கு வயது வருகிறது: அடியில் வண்டல் கறை, நடுவில் சென்ற வெள்ளம் விட்ட கோடு, அபாய மட்டத்தைக் காட்டும் சிவப்புப் பட்டை, கர்டரின் கீழ் ஒழுகிய துரு, உச்சியில் பறவை எச்சம்.

மணலில் ஒரு வேடிக்கை உண்டு. அரை மில்லிமீட்டர் ஆற்றுமணல் 87 மடங்கு பெருத்தால் நாலு சென்டிமீட்டர் கல். ஆகவே சலித்த ஆற்றுமணல் தண்டவாளத்துக்கு அருமையான ஜல்லியாகும். சாம்பல் நிறம் ஏற்றினால் போதும். ஆற்றுக்கு ஆற்றுமணல் ஆகாது. அங்கே மெல்லிய துணியில் சலித்த மண்தூளைப் பசைமேல் தூவ வேண்டும். கடல்மணல் எடுப்பவர் உப்புப் போகக் கழுவி, காந்தத்தையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கருமணல் துகள் இன்ஜின் மோட்டாரில் ஏறினால் மோட்டார் கெடும். கோடையில் கொள்ளிடத்தில் நீரைவிட மணலே அதிகம். அந்த ஒற்றை ஓடைக்கு வார்னிஷை ஏழெட்டுப் பூச்சாகக் காயவிட்டுப் பூசினால் நீரின் ஆழம் தெரியும்.

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் மணல் மேடு குவித்து, கேழ்வரகும் கடுகும் முளைக்கவிட்டு வயலாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிய வீடுகள் இதைத்தான் செய்தன. பண்ருட்டிப் பொம்மைக்காரர்களின் காகிதக் கூழ், மண் பொம்மையைவிட இலேசான வடிவங்களைத் தருகிறது. அதே கூழைக் கம்பி வலைமேல் அப்பினால் மண்கரை உறுதியாக நிற்கும். சவுக்குத் தோப்புக்குத் தேங்காய் நாரை இரட்டைக் கம்பியில் முறுக்கி, பச்சை ஏற்றிக் கத்தரிக்கலாம். கிள்ளைப் பக்கம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கு, பழைய மின்கம்பியின் செம்பு இழைகளைப் பிரித்து வளைத்தால் காலூன்றி நிற்கும் வேர்கள் அப்படியே வரும்.

சிதம்பரம் கோபுரங்கள் சுமார் 40 மீட்டர், ஹெச்.ஓ. அளவில் 46 செ.மீ. பாதைக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றை வைத்தால் ரயில் மறைந்துபோகும். பத்து சென்டிமீட்டர் அட்டையில் வரைந்து, தென்னை வரிசைக்குப் பின்னால், வானம் தீட்டிய பின்துணியை ஒட்டி நிறுத்தினால் ஊர் தொலைவில் தெரியும். கடற்கரைக் காற்றின் ஈரம் பலகையை ஊதவைக்கும் என்பதால் சட்டங்களுக்கு இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு தூணின் தலையிலும் மட்டம் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் ஓர் அட்டைத் துண்டைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டியிருக்கும்.