அந்தோணியார் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?



போன வாரம் நான் போட்ட போட்டோவில், பின்சுவரில் மங்கலாகத் தெரிந்த புனித அந்தோணியார் படத்தைப் பார்த்துவிட்டு, "புதுசா பிரிண்ட் போட்டுடலாமே சார்" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். என் அண்ணன் மகன் கேட்டதோடு நிற்காமல் கம்ப்யூட்டரில் சரிசெய்து ஒரு பிரதியே அனுப்பிவிட்டான். அங்கி, சுவர், முகம் எல்லாம் பட்டப்பகல் மாதிரி பளிச்! எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

இடுப்புக் கயிற்றில் உள்ள மூன்று முடிச்சுகள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகள். லில்லி தூய்மைக்கு. (நம் செண்பகனூர் ஓடையோரம் ஒரே மடலாகச் சுருண்டு பூக்கிறதே, அந்த வெள்ளைப் பூ அல்ல. இது ஆறு இதழ் லில்லி.) புத்தகம் மறைநூல். இதெல்லாம் மறைக்கல்வி வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். வெளிச்சத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

படத்தில் விளக்கு இல்லை, சூரியன் இல்லை. குழந்தை இயேசுவிடமிருந்துதான் ஒளி வருகிறது. அது படுகிற நெற்றியும் விரல்களும் மட்டும் தெரியும், மீதி இருட்டு. அந்தோணியார் தங்கியிருந்த வீட்டுக்காரர், இரவில் அவர் அறையில் ஒளியைக் கண்டு எட்டிப் பார்த்தார் என்று ஒரு மரபுக்கதை உண்டு. 1656-ல் ஸ்பெயினின் செவில் பேராலயத்துக்காக முரில்லோ வரைந்த ஓவியத்திலும் புனிதர் இருண்ட அறையில்தான் மண்டியிட்டிருக்கிறார். மேலே பொன்னொளி நடுவே குழந்தை. திறந்த கதவுக்கு வெளியே பகல் வெளிச்சம் இருக்கிறது, அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 1874-ல் ஒரு திருடன் புனிதரை மட்டும் வெட்டி எடுத்துப் போனான். பிறகு நியூயார்க்கில் கிடைத்து மறுபடி பொருத்தினார்கள். ஒளியை விட்டுவிட்டு ஆளைக் கொண்டுபோயிருக்கிறான், பாருங்கள்!

எங்கள் வீட்டுப் படம் அட்டையில் ஒட்டிய காலண்டர் படம்தான். கண்ணாடி கிடையாது. என் தம்பி மூன்று வயதில் காய்ச்சலில் போனபிறகு, அம்மா செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றி, படத்துக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நாற்பது வருஷம். அந்த இடத்தில் மை தேய்ந்து வெறும் காகிதம் தெரிகிறது. மொத்தப் படத்திலும் இன்று அதுதான் அதிக வெளிச்சமான இடம். கம்ப்யூட்டர் அதைத்தான் அழகாக நிரப்பிக் கொடுத்திருக்கிறது.

அதனால் படம் அப்படியே இருக்கட்டும். பூச்சி அரிக்காமல், ஈரம் ஏறாமல் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐப்பசி வந்தால் இங்கே சுவரே வியர்க்கும்.