மேட்டில் அடித்த கூடாரம்

சுங்கை லாலாங்கிலிருந்து மூன்று குடும்பங்கள், மூன்று வேன்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் சொகுசு வண்டி நமக்குக் கட்டுப்படியாகாது. பின் இருக்கையைக் கழற்றி மெத்தை போட்டால் அதுவே வீடு!

ஜெராய் மலையடிவாரத்தில், தூப்பா ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில்தான் கூடாரம் அடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் எங்கள் தாமானில் நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவர். ஒன்பது வருடமாக வெறும் தலையசைப்புப் பழக்கம்.

2021 ஆகஸ்டு 18-இல் இந்த மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான், மெர்போக் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும். கீழே வெயிலடிக்கும், 1,217 மீட்டர் உச்சியில் மழை கொட்டும். கெப்பாலா ஆயர் சொல்லிக்கொண்டா வரும்? தண்ணீர் கலங்கினாலோ, இலைதழை மிதந்து வந்தாலோ உடனே மேடேறச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கினார்.

இரவு அவர் படுக்கவில்லை. டார்ச்லைட்டோடு ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். தே ஓ கலக்கிக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். பேச்சு தோட்டத்துக்குப் போயிற்று. அவருடைய அம்மாவும் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை மழை என்றால் அன்று வேலையில்லை, கூலியுமில்லை. மழைச் சத்தம் கேட்டால் இன்றும் விழிப்பு வந்துவிடுமாம். எனக்கும் அப்படித்தான்.

"நீங்க படுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றேன், மூன்று மணிவாக்கில். டார்ச்லைட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வேனுக்குள் போனார்.